பத்துப் புள்ளி ஆறு அடிச் சுவர்

மச்சான்,

உனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இல்லை. நீ ஒரு கணக்கைச் சரியாகப் போட்டாய். அதற்காக உன்னைத் தோற்றவன் என்று எழுதினார்கள். அதே கணக்கை நான் தப்பாகப் போட்டேன். என்னைத் தேறியவன் என்று எழுதினார்கள். நீ அறுபதை நெருங்கும் வயதிலும் சாரத்தில் ஏறி, சிதம்பரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தாய். நான் மாதா மாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு முதுநகர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இது விதி என்று என் வீட்டுக்காரி, உன் அக்கா, சொல்கிறாள். விதி இல்லை. கேள்வித்தாள்.

இன்று காலை ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டுமல்லவா, அதற்குப் படி எடுக்க. மிஷினிலிருந்து வந்து விழுந்த தாள்களை எடுத்தேன், சூடாக, மை வாடையோடு. என்னுடையது என்று நினைத்து எடுத்தது வேறு யாருடையதோ. மாதிரி வினாத்தாள். பதினோராவது கேள்வியைப் பார்த்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். “ஒரு சுவரின் நீளம் 10.6 அடி, உயரம் 10 அடி. பரப்பளவு எத்தனை சதுர அடி?” நான்கு விடைகள். 105 என்பதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

“பெரியவரே, உங்களுக்கா பரீட்சை?” என்று கடைக்காரன் சிரித்தான். எனக்கு உன் குரல்தான் கேட்டது. “புள்ளிக்கு அப்பால பத்துதான் மாமா. பன்னெண்டு கெடையாது.”

உனக்கு நினைவிருக்கும். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் வீடு கட்டும் வேலை நடந்தபோதுதான் நாம் இரண்டு பேரும் அரசாங்கக் கட்டடத் துறையில் தினக்கூலி மேஸ்திரியாகச் சேர்ந்தோம். வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு நாள் அறிவிப்பு ஒட்டினார்கள்: எழுத்துத் தேர்வில் தேறுகிறவர்களை நிரந்தரம் செய்வார்கள், தேறாதவர்களை நிறுத்திவிடுவார்கள். பாதிக் கேள்வி பின்னமும் தசமமும். நிரந்தர மேஸ்திரி சாரம் ஏற வேண்டாம். கீழே நின்று அளந்து குறித்துக் கொடுத்தால் போதும்.

மற்றவர்களுக்கு அது சம்பளம். உனக்கு அது வேறு என்பது எனக்கு மட்டும் தெரியும். அறிவிப்பு வந்த வாரம் ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையில் நீ பாதி ஏணியில் நின்றுவிட்டாய். கழியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்தாய், முடியவில்லை. “மேல ஏறினா கீழ சுத்துது மாமா. கொஞ்ச நாளாவே இப்பிடித்தான். அக்காகிட்ட சொல்லிடாத” என்றாய். நான் சொல்லவில்லை. “எழுதிப் பாஸ் பண்ணிட்டா ஏற வேண்டியதில்ல இல்ல?” என்று கேட்டாய். ஒரு கொத்தனாருக்கு உயரம் ஆகவில்லை என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். அதனால்தான் நீ அப்படிப் படித்தாய்.

நான் அப்படிப் படிக்கவில்லை. ஐந்தாவதோடு நின்றவன், எட்டாவதைத் தனியாக எழுதித் தேறியவன். எழுத்தைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் கற்றேன். எவனும் எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை, இனி எவனும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம் என்கிற திமிர் எனக்கு உண்டு. இன்றும் உண்டு. நீதான் இழுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயில், சிதம்பரம், கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் பயிற்சி வகுப்பு, பெஞ்சு முழுக்க நம்மில் பாதி வயசுப் பையன்களும் பெண்களும்.

முதல் நாளே அந்த வாத்தியார் பலகையில் 5.9 என்றும் 5.10 என்றும் எழுதி எது பெரியது என்று கேட்டார். நீ கையே தூக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டாய்.

“அஞ்சு புள்ளி பத்து சார்.”

பெஞ்சு பூராவும் சிரிப்பு. உனக்குப் புரியவில்லை. “இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? அஞ்சடி ஒம்போது அங்குல ஆளவிட அஞ்சடி பத்து அங்குல ஆளு ஒசரமா இல்லியா?”

“மேஸ்திரி, சாரை நிக்கவச்சு அளந்து சொல்லுங்க!” என்று ஒருத்தன் கத்தினான்.

“உன்ன அளந்தா மூணு புள்ளி ரெண்டு தாண்டாது, உக்காரு” என்றாய். அதற்கும் சிரித்தார்கள். இந்தத் தடவை உன் பக்கம் நின்று சிரித்தார்கள்.

நம் கையில் டேப் ஏறிய நாளிலிருந்து நாம் அப்படித்தான் எழுதி வந்தோம். பத்தடி ஆறு அங்குலம் என்றால் 10.6. சுவரில் கரித்துண்டால் எழுதினாலும் சிகரெட் அட்டையில் எழுதினாலும் அதுதான். 5.11-க்கு அடுத்தது 6. கொத்தனாருக்கும் தெரியும், சித்தாளுக்கும் தெரியும், கல் அறுக்கிறவனுக்கும் தெரியும். புள்ளிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு. அது தப்பு என்று ஒருத்தன் நாற்பது வயதுக்கு மேல் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வந்தது. உனக்கு ஆசை வந்தது.

வாத்தியார் நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். வகுப்பு முடிந்து உன்னைக் கூப்பிட்டு, ஒரு கோட்டைக் கிழித்துப் பத்தாகப் பிரித்துக் காட்டினார். “இது உங்க டேப் இல்ல, மேஸ்திரி. இது வேற டேப். இதுல அடிக்குப் பத்து அங்குலம்னு வச்சுக்குங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையில் உனக்குத் திறந்துகொண்டது. திரும்பி வரும்போது ரயில் வாசப்படியில் உட்கார்ந்துகொண்டு, அவித்த வேர்க்கடலையை மடியில் வைத்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கிப் போட்டாய். ஆறு அங்குலம் அரை அடி, ஆக புள்ளி அஞ்சு. மூன்று அங்குலம் கால், புள்ளி இரண்டு அஞ்சு. ஒன்பது முக்கால், புள்ளி ஏழு அஞ்சு. நான்கு அங்குலத்தில் மாட்டிக்கொண்டாய்.

“மூணுல ஒரு பங்கு. புள்ளி மூணு மூணு மூணு… முடியவே மாட்டேங்குது மாமா.”

“முடியலன்னா விடு. டேப்புல நாலு அங்குலம் முடியுதுல்ல?”

“டேப்புல முடியுது. இதுல போய்க்கினே கீது.” உனக்கு அது ஏமாற்றமாக இல்லை. சிரித்தாய். புதுச்சத்திரம் தாண்டியும் மூன்று மூன்று மூன்று என்று சொல்லிக்கொண்டு வந்தாய்.

“என் டேப்புல பன்னெண்டுதான், மச்சான். நான் மாத்த மாட்டேன்” என்றேன்.

“உன் டேப்ப மாத்தச் சொல்லல மாமா. பரீட்ச தாள்ல மட்டும் மாத்து.”

அடுத்த வாரம் வேலையில் நீ எல்லோரையும் படுத்தி எடுத்தாய். ஒன்பது அங்குலச் சுவருக்கு “பூஜ்யம் புள்ளி ஏழு அஞ்சு செவுரு!” என்று மேலிருந்து கூவினாய். கீழே கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது: “சாந்து எத்தினி புள்ளி வேணும் மேஸ்திரி? சட்டில தரட்டுமா, பின்னத்துல தரட்டுமா?” அதற்கும் கோபப்படாமல் ஒரு சட்டியில் நாலில் மூன்று பங்கு என்று குறி போட்டுக் காட்டினாய். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனது மச்சான்.

தேர்வு நாள். ஒரே அறையில் நம் இருவருக்கும் இடம். ஏழாவது கேள்வி: 0.6 என்பதைப் பின்னமாக எழுது. நீ ஐந்தில் மூன்று என்று போட்டாய். நான் ஆறு அங்குலம்தானே, பாதி என்று போட்டேன். எனக்கு அதில் மார்க் இல்லை. அது நியாயம், நான் வாய் திறக்கவில்லை. பதினோராவது கேள்விதான் அந்தச் சுவர். நான் என் பிடிவாதப்படி பத்தடி ஆறு அங்குலம் என்றே எடுத்து, பத்தரையைப் பத்தால் பெருக்கி 105 என்று வட்டமிட்டேன். நீ படித்தபடி, பத்தும் பத்தில் ஆறு பங்கும் என்று எடுத்து 106 போட்டாய். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னாய்: “மாமா, நீ தப்பு பண்ணிட்ட. பரவால்ல, மீதியில தேறிடுவ.”

விடைக்குறிப்பு 105 என்று வந்தது.

கேள்வி எழுதிய என்ஜினியர் நம்மைப் போலவே சைட்டில் எழுதுகிறவர். தசமப் பாடத்தைத் தேர்வில் வைத்துவிட்டு, சுவர்க் கணக்கு எழுதும்போது கை பழைய வழக்கத்தில் எழுதிவிட்டது. ஒரே தாளில் ஏழாவது கேள்வியில் புள்ளி ஆறு என்றால் ஐந்தில் மூன்று பங்கு. பதினோராவதில் அதே புள்ளி ஆறு என்றால் சரிபாதி. எந்த ஊரில் நடக்கும் இது? ஒரு மார்க்கில் நீ விழுந்தாய். ஒரு மார்க்கில் நான் ஏறினேன்.

நாம் ஆபீசுக்குப் போனதை நான் மறக்கவில்லை. அந்த அதிகாரி தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

“அடின்னு போட்டிருந்தா அடி அங்குலம்தான்யா. ஒரு மேஸ்திரிக்கு இதுகூடத் தெரியாதா?”

“பாடத்துல புள்ளின்னா பத்துல ஒண்ணுன்னு…” என்று நீ ஆரம்பித்தாய்.

“பாடத்த விடு. சைட்ல நீ பத்தடி ஆறு அங்குலத்த எப்படி எழுதுவ?”

நீ பொய் சொல்லத் தெரியாதவன். “பத்து புள்ளி ஆறுன்னுதான் சார்” என்றாய்.

“அப்புறம் என்ன? போ.”

உன் முகத்தில் அப்போது கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீ வெட்கப்பட்டாய். படித்ததற்காக வெட்கப்பட்டாய். அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

அன்று இரவே மனு எழுத உட்கார்ந்தேன். என் மார்க்கைக் கழியுங்கள், அவனுக்குச் சேருங்கள், என் இடத்தை அவனுக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். உன் அக்கா பேனாவைப் பிடுங்கினாள். “எந்தம்பி தெருவுல நிக்கிறான். நீங்களும் போய் அவன் பக்கத்துல நின்னா யாருக்கு லாபம்? ரெண்டு குடும்பமும் சேந்து பட்டினி கெடக்கணுமா?” என்று அழுதாள். மறுநாள் நீயும் வந்து அதையே சொன்னாய். “எங்கணக்கு சரின்னு எனக்குத் தெரியும் மாமா. உனக்கும் தெரியும். போதும், வுடு.”

போதாது. அன்றும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். உனக்கும் எனக்கும் தெரிந்து என்ன பயன்? தெரிய வேண்டியது துறைக்கு. அக்காவுக்கும் உனக்கும் தெரியாமல் அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். “விடைக்குறிப்பு இறுதியானது” என்று ஒற்றை வரி வந்தது. என் இடத்தையும் எடுக்கவில்லை, உனக்கும் கொடுக்கவில்லை. நான் கீழே நின்று அளந்தேன். நீ தினக்கூலியும் போய், தனியார் காண்டிராக்டரிடம் சேர்ந்து சாரம் ஏறினாய். தலைசுற்றுகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். “பழகிடுச்சு” என்பாய். அது பழகுகிற நோய் இல்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் போன் வந்தது. லாட்ஜ் கட்டடம். வெளிப்பூச்சு. இடுப்பில் கயிறு இல்லை, கீழே வலை இல்லை. “பெரியவரு தானா வந்து ஏறினாரு, நாங்க ஏறச் சொல்லல” என்றான் காண்டிராக்டர். வேலை கேட்டு வந்தவன் ஏறாமல் வேறு என்ன செய்வான் என்று கேட்டேன். திரும்பிக்கொண்டான். நான் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தேன். நீ பூசிக்கொண்டிருந்த இடம் தெரிந்தது. ஈரம் காயாத சிமெண்டு, மேலே வரைக்கும் மட்டமாக வந்து, ஒரு இடத்தில் பூச்சுக் கரணையின் கோடு சரிந்து நின்றிருந்தது. அடுத்த வாரம் போனபோது அதன் மேல் வேறு யாரோ பூசிவிட்டார்கள். வித்தியாசம் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், காரியம் முடிந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டது: “அண்ணே, அவுரு நெசமாவே பாஸ் பண்ணாரா? எப்பவும் அப்பிடித்தான் சொல்லிக்கினு இருப்பாரு. மனசு ஆற சொல்றாரோன்னு நெனப்பேன்.” கட்டிய மனைவிக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டார்கள். பாஸ்தான் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன், அவ்வளவுதான். அரசாங்கத் தாளில் அப்படி இல்லையே.

இன்று காலைக்கு வருகிறேன். அந்த மாதிரி வினாத்தாள் துறையில் தினக்கூலியாக இருக்கிற ஒரு பெண்ணுடையது. காடாம்புலியூர்ப் பக்கம். வயசு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மறுபடியும் தேர்வு வைக்கிறார்களாம். பழைய கேள்விகளையே மாதிரி என்று கொடுத்திருக்கிறார்கள், பழைய விடைகளோடு. “இது தப்பும்மா, 106 தான் சரி” என்று அதற்கு விளக்கினேன். கோடு கிழித்துப் பத்தாகப் பிரித்தே காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டது. பிறகு தாளை வாங்கி மடித்துக்கொண்டு சொன்னது:

“எது சரிங்கறது எனக்கு வேணாம் ஐயா. எதுக்கு மார்க்கு போடுவாங்கன்னு அத மட்டும் சொல்லுங்க.”

நான் என் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் மச்சான். எனக்குப் பதில் தெரியும். 105 என்று சொன்னால் உன்னை நானே இன்னொரு தடவை தோற்கடித்த மாதிரி. 106 என்று சொன்னால் அந்தப் பெண்ணைச் சாரத்தில் ஏற்றிவிட்ட மாதிரி. இப்படி ஒரு இடத்தில் ஒரு மனுஷனை நிறுத்துகிற தேர்வைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

ஆகவே செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன். யார் செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

துறை அந்தக் கேள்வியை நீக்க வேண்டும், அல்லது அடி, அங்குலம் என்று எழுத்தால் எழுத வேண்டும். புதிய தேர்வுக்கு முன்பே செய்ய வேண்டும், பின்னால் அல்ல. பழைய தேர்வில் 106 என்று போட்ட அத்தனை பேருக்கும் மார்க் போட்டுப் பட்டியலைத் திருத்த வேண்டும். செத்தவன் பெயர் எதற்கு என்று கேட்கக்கூடாது. அந்தத் தாளைத் தங்கச்சியின் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தபாலில் அல்ல.

கேள்வி எழுதிய என்ஜினியர் ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் இருப்பதாகக் கேள்வி. அவர் ஒரு வரி எழுதித் தர வேண்டும்: நான் பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று. அவமானம் ஒன்றுமில்லை. நானும் அதே பழக்கக்காரன்தான்.

காண்டிராக்டர் கயிறும் வலையும் கட்ட வேண்டும். வயசானவன் தானாக ஏறினான் என்று சொன்ன வாயால் தங்கச்சியிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கொத்தனார் சங்கத்துக்காரர்கள் உனக்கு மாலை போட்டதோடு நிற்காமல் ஆபீஸ் வாசலில் என்னோடு வந்து உட்கார வேண்டும். சிதம்பரத்து வாத்தியாருக்கு இப்போது நரைத்துவிட்டது, இன்னும் அதே மாடியில் சொல்லித்தருகிறார். அவர் தம் கையெழுத்தோடு அந்தக் கணக்கைப் போட்டுத் தர வேண்டும். தருவார். உன்னை விசாரித்தார்.

உன் அக்கா பேனாவைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். என் பென்ஷனை நிறுத்தினால் நிறுத்தட்டும், அவளைக் கூலி வேலைக்கு நான் அனுப்ப மாட்டேன். என் கை இன்னும் கரணை பிடிக்கும்.

நான் திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது போக வேண்டும். அந்தக் காடாம்புலியூர்ப் பெண்ணைக் கண்டுபிடித்து, உனக்கு நேர்ந்ததை முழுக்கச் சொல்லி, எதைப் போடுவது என்பதை அதன் கையில் விட வேண்டும். பதில் வரும்வரை வாசலை விட்டு நகரக்கூடாது. வராவிட்டால் மறுநாளும் போக வேண்டும். உடம்பு இருக்கிறவரை போக வேண்டும்.

நீ செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. நீ உன் கணக்கைப் போட்டுவிட்டாய். அது சரி.